வாய்விட்டு வாசிங்க, அண்ணாச்சி

ஏப்ரல் 20, திங்கள்

காலையிலேயே வெயில். பஸ் ஜன்னல் கம்பி சுட்டது. விருதுநகரிலிருந்து நின்றுகொண்டே பயணம். திருத்தங்கல் தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது, உட்கார்ந்ததும் சிவகாசி வந்துவிட்டது.

இன்று:
– மூன்று கட்சி போஸ்டர். மாலைக்குள் அச்சுப் பிளேட்டுக்குப் போக வேண்டும்
– சங்குசக்கரப் பெட்டி லேபிள், சிவப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள்
– மச்சான் கண்ணாடிக்கு ஸ்க்ரூ
– செல்விக்குப் பழைய பருத்திச் சேலை, துவைத்து மெத்தென்று ஆனது

தேர்தல் வேலையும் பட்டாசு லேபிள் ஆர்டரும் ஒன்றாக வந்து விழுந்திருக்கின்றன. அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது நான் ஒருத்திதான். மூன்று கட்சிக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். "நீங்க முதல்ல புரூஃப் பாத்துருங்கண்ணே, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல." "இல்லல்ல, நீங்க பாருங்க." ஒருவர் போஸ்டரில் மற்றவருடைய தலைவரை 'ஊழல் பெருச்சாளி' என்று போட்டிருந்தது. அதை அவர்களே காட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

முத்துமாரி இன்றும் வரவில்லை. பைண்டிங் வேலை, என் பக்கத்து மேஜை. அவள் தங்கச்சி செல்விதான் ஆஸ்பத்திரியில். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஷெட்டில் மருந்து உரசித் தீப்பிடித்ததில் இரண்டு கையும் வெந்துவிட்டது. கல்யாணம் ஆகாத பெண்.

காலை சுபுஹு தொழுததும் உட்கார்ந்து எழுதி, வலைப்பதிவில் போட்டுவிட்டேன். தலைப்பு: 'செல்வியின் கைக்கு யார் பொறுப்பு?' இரண்டு பெரிய கட்சி வேட்பாளர்களும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், கட்டிலோரம் நின்று போட்டோ எடுத்தார்கள், வாசலில் மைக் பிடித்து ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள், போனார்கள். தோல் ஒட்டுவதற்கு மதுரைக்குக் கொண்டுபோக வேண்டுமா என்று டாக்டரிடம் யாரும் கேட்கவில்லை. 'யாரும் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடவில்லை' என்றும் எழுதினேன். இதுதான் விஷயம். அடியில் வழக்கம் போல: ரஹ்மத் நிஷா, விருதுநகர்.

மச்சான் காபியோடு வந்து தோளுக்கு மேலே எட்டிப் படித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு இதே பழக்கம். "பேரை எதுக்கு முழுசாப் போடுற? எல்லாரும் புனைபேருலதான எழுதுறாக?"

"எழுதட்டும்" என்றேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

பின்னூட்டங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே டம்ளரை வைத்தேன். டீ சிந்தி கீபோர்டில் 'ழ' மாட்டிக்கொண்டது.

சுருக்கமாக:
– எந்தக் கட்சி கொடுத்த காசு? (இரண்டு கட்சிக்காரர்களுமே கேட்டிருக்கிறார்கள்.)
– முக்காடு போட்டவளுக்கு அரசியல் எதற்கு, அடுப்பைப் பார்.
– உனக்கெல்லாம் இந்த நாட்டில் ஓட்டு கொடுத்ததே தப்பு.
– ஒரு கவிதை. அத்தனையும் ஆபாசம். எதுகை மட்டும் சரியாக இருந்தது.
– மவுத்தாகி மண்ணுக்குள் இருக்கும், என்னைப் பெற்ற அத்தாவைப் பற்றி.

'தெக்கத்தி வேங்கை' என்று ஒருவர். அவர்தான் அதிகம் எழுதியிருக்கிறார், அத்தாவைப் பற்றியதும் அவர்தான். 'கை வெந்த பொண்ணைக் காட்டிப் பிழைப்பு நடத்தும்' என்று தொடங்கி, அப்புறம் ஒரு சொல். அந்தச் சொல்லை எழுத எனக்குத் தெரியாமல் இல்லை. என் பேனாவுக்கு அந்த வேலை கிடையாது.

என்னைத் திட்டி முடித்ததும் அவர்களுக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார்கள். எந்தத் தலைவருக்கு எத்தனை பெண்டாட்டி, யார் எந்தச் சாதிக்குப் பிறந்தவன், முப்பது வருஷத்துக்கு முந்திய மாநாட்டில் யார் யாரை அடித்தது. என் பதிவுக்குக் கீழே, பக்கம் பக்கமாக. இவ்வளவு பேரில் ஒருவராவது, செல்வி எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கலாம். ஒருவர்கூட இல்லை.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் இறங்கியது. கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

ஏப்ரல் 22, புதன்

அரை நாள் லீவு. ஆஸ்பத்திரி. சேலையைக் கொடுத்தேன். செல்வியின் இரண்டு கையும் முழங்கை வரை வெள்ளைக் கட்டு. முகத்தில் ஒன்றுமில்லை, அதுவே பெரிய காரியம்.

"அக்கா, கை வலிக்கூடப் பரவால்லக்கா. தலையில பூ வைக்க முடியல. அம்மா வச்சுவிடுது. கோணலா வைக்குது. சொன்னா, உனக்கு இங்கன எவன் பாக்கப் போறான்னு கேக்குது."

"யாரும் பாக்காட்டி என்ன? திரும்பு."

சரியாக வைத்துவிட்டேன். சிரித்தாள்.

சுந்தரம் அண்ணாச்சி காலையிலேயே வந்து போனாராம். எங்கள் அச்சகத்து மேனேஜர். சாத்துக்குடி வாங்கி வந்து, தெரிந்த டாக்டரைப் பிடித்து, ஃபேனுக்குக் கீழே உள்ள கட்டிலுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். "தங்கமான மனுசன்க்கா" என்றாள் முத்துமாரி. எனக்கும் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவர்தான். முதலாளி யோசித்தபோது, "புள்ள செய்யும், நான் பொறுப்பு" என்று சொன்னார். அத்தா மவுத்தானபோது வெயிலில் மையவாடி வாசலிலேயே நின்று, அடக்கம் முடிந்த பிறகுதான் பஸ் ஏறினார். அச்சகத்தில் தினமும் நான் உள்ளே நுழைந்ததும், "என்ன தாயி, சாப்பிட்டீகளா?"

பெண்கள் வார்டில் இரண்டு அம்மாக்கள் பேசியது காதில் விழுந்தது. "ஓட்டு யாருக்கு?" "எம் மருமக யாருக்குப் போடலையோ அவுகளுக்கு."

ஏப்ரல் 23, வியாழன்

எனக்கு ஆதரவாளர்கள் வந்துவிட்டார்கள்.

வேங்கையை மேய்ந்திருக்கிறார்கள். அவருடைய அம்மா, அக்கா, சாதி இன்னதுதான் என்று ஊகித்து அதற்கு ஒரு கட்டுரை. ஒவ்வொன்றின் முடிவிலும் 'சகோதரி ரஹ்மத்துக்கு நாங்கள் இருக்கிறோம்.'

யாருடைய அம்மாவையோ கெட்ட வார்த்தையில் நிறுத்திவிட்டு என்னைச் சகோதரி என்கிறார்கள். வந்த எதிர்ப்புப் பின்னூட்டம், ஆதரவுப் பின்னூட்டம், அசிங்கமான அத்தனையையும் அழித்தேன். இனி நான் பார்த்துத்தான் வெளியாகும் என்று மட்டுறுத்தல் போட்டுவிட்டேன். வேங்கை எழுதியதை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். ஏன் என்று தெரியவில்லை.

ஒரு அறிவிப்பும் போட்டேன். 'தேர்தல் போஸ்டருக்குக்கூட அடியில் அச்சிட்டவர் பெயர், வெளியிட்டவர் பெயர் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த வரியைத் தினமும் அடிக்கிறவள் நான். இங்கேயும் அதே விதி. பெயர் போட்டு எழுதுங்கள். எந்தக் கட்சியையும் திட்டுங்கள், என் கருத்தைக் கிழியுங்கள். என் முன்னால் உட்கார்ந்து சொல்ல முடியாததை எழுதாதீர்கள்.'

உடனே வந்தது: நடுநிலை வேஷம். கோழை. விலைபோய்விட்டாள். எல்லாம் காலை வரைக்கும் 'நாங்கள் இருக்கிறோம்' என்றவர்கள்.

சென்னையிலிருந்து ஒரு சக பதிவர் சாட்டில் வந்தார். நன்றாக எழுதுகிறவர்தான். "இது யுத்தம், ரஹ்மத். மரியாதையெல்லாம் அப்புறம்."

"யுத்தம்னா முன்வரிசையில உங்க அம்மாவ நிறுத்துங்க சார். ஏன் அடுத்தவங்க அம்மாவையே நிறுத்துறீங்க?"

சாட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு அணைந்துவிட்டது. போகட்டும்.

ஏப்ரல் 24, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்ததிலிருந்து மச்சான் முகம் சரியில்லை. கடையில் (பருப்பு, மிளகாய் வத்தல் கமிஷன்) பக்கத்து யாவாரி ஒருவர், "உங்க வீட்ல இன்டர்நெட்டுல எழுதுறாகளாமே? என்னென்னமோ பேசிக்கிறாகளே?" என்று கேட்டிருக்கிறார். என்னென்னமோ என்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

"கொஞ்ச நாளைக்கு நிறுத்திரு. தேர்தல் முடியட்டும்."

"தேர்தல் முடிஞ்சா செல்வியப் பத்தி யாரு கேப்பா?"

"நீ கேட்டா மட்டும் என்ன ஆகப்போவுது?"

"ஒண்ணும் ஆகாட்டியும் கேப்பேன்."

தட்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழுசாகச் சாப்பிட்டார். கோபத்தைச் சோற்றில் காட்ட மாட்டார், அது நல்ல குணம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது தானாகவே சொன்னார். மல்லாங்கிணற்றிலிருந்து தன் காட்டில் விளைந்த வத்தலைக் கொண்டுவரும் சம்சாரி ஒருவரும் அப்போது கடையில் இருந்தாராம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பேசுறவனுக்கு மூஞ்சி இருக்கா? மூஞ்சி இல்லாதவனுக்கு எதுக்கு யோசிக்கீக?" என்று சொன்னாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எடை போட்டுட்டு இருந்தேன்."

ஏப்ரல் 25, சனி

எப்படி எழுதுவது.

அச்சகத்தில் முன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும்தான் நெட். மதியம் ஒரு பார்ட்டிக்கு லேபிள் புரூஃப் மெயில் பண்ணப் போனேன். அண்ணாச்சி நாற்காலியில் இல்லை. மேஜை மேல் அவர் கண்ணாடி, மடக்காமல். திரையில் என் பக்கம். என் பதிவு. பின்னூட்டப் பெட்டி திறந்திருந்தது. பெயர் என்ற இடத்தில் 'தெக்கத்தி வேங்கை'. கீழே பாதி அடித்த வரி. 'பெட்டியைப் பூட்டிட்டா பயந்துருவோமாடி, அந்தக் கை வெந்தவ கூட சேர்ந்து நீயும்'. அதோடு நிற்கிறது. அடுத்த எழுத்துக்காகக் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.

பின்பக்கம் தண்ணீர் விழும் சத்தம். முகம் கழுவுகிறார்.

எதையும் தொடவில்லை. என் மேஜைக்குத் திரும்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எட்டிப் பார்த்து, "தாயி, மெயில் அனுப்பணும்னீகளே, வாங்க, சிஸ்டம் சும்மாத்தான் இருக்கு" என்றார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. தினமும் பேசுகிற அதே குரல்தான். போய் அனுப்பினேன். பக்கம் மூடியிருந்தது.

பஸ்ஸில் ஒரு இடம் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஏப்ரல் 26, ஞாயிறு

மச்சானிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை.

"சுந்தரம் அண்ணாச்சியா? மையவாடி வாசல்ல நின்னவரா?"

"அவருதான்."

எழுந்து சட்டையை மாட்டினார். அப்புறம் செருப்பைத் தேடினார். "எங்க போறீங்க?" "சிவகாசிக்கு." "இன்னிக்கு ஞாயித்துக்கிழம, அச்சகம் பூட்டியிருக்கும்." உட்கார்ந்தார். "நாளைக்கு நானும் வாரேன்." வெள்ளிக்கிழமை நிறுத்தச் சொன்ன அதே மனிதர்.

வேண்டாம் என்றேன். அவர் போனால் இரண்டு ஆம்பிளைகளின் சண்டையாகிவிடும். எழுதினவர் என்னை எழுதினார். கேட்க வேண்டியவள் நான்.

வேலையை விட்டுவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது உண்மை. துணி மடிக்கும்போது வந்தது. மடித்து முடிப்பதற்குள் போய்விட்டது. நான் எதற்குப் போக வேண்டும்? நான் என்ன எழுதினேன்?

புழுக்கம். இரண்டு தடவை குளித்தேன். வடக்குத் தெருவில் ஒரே நேரத்தில் இரண்டு கட்சிப் பிரச்சார ஆட்டோ. எதிரும் புதிருமாக வந்து வழி கிடைக்காமல், டிரைவர்கள் இறங்கி ஒருத்தருக்கொருத்தர் பின்னால் இடம் பார்த்துச் சொல்லி, ரெண்டு பேரும் நகர்ந்து போனார்கள். மைக் மட்டும் திட்டிக்கொண்டே போனது.

ஏப்ரல் 27, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

சீக்கிரம் போய், எடுத்து வைத்திருந்த வேங்கை பின்னூட்டங்களை ஒரே தாளில் பிரிண்ட் எடுத்தேன். பெரிய எழுத்தில். அவர் கண்ணுக்குச் சிரமம் வேண்டாம்.

எங்கள் அச்சகத்தில் ஒரு பழக்கம், அண்ணாச்சி வைத்ததுதான். புரூஃபைக் கண்ணால் மட்டும் பார்க்கக் கூடாது, சத்தமாக வாசிக்க வேண்டும். கண் தப்பை விட்டுவிடும், காது விடாது என்பார். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அவர் முதலில் சொல்லுவது அதுதான்.

"என்ன தாயி, சாப்பிட்டீகளா?"

"ஆச்சு அண்ணாச்சி. ஒரு புரூஃப் பாக்கணும்."

"குடுங்க, குடுங்க."

"வாய்விட்டு வாசிங்க, அண்ணாச்சி."

கண்ணாடியை மாட்டினார். கணீரென்ற குரல் அவருக்கு. முதல் வரியை வாசித்தார். "'ஊருக்கு உபதேசம் செய்ய வந்துட்டா விருதுநகர் மகராசி.'" எந்தக் கட்சி நோட்டீஸோ என்று நினைத்திருப்பார். இரண்டாவது வரியில் பாதி. குரல் இறங்கியது. மூன்றாவது வரியில்தான் அந்தச் சொல். நின்றுவிட்டார்.

பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். எட்டு வருஷத்தில் அந்த நாற்காலியில் அவர் சொல்லாமல் உட்கார்ந்ததில்லை.

"இது... எங்கன கெடச்சுது?"

"என் வீட்டுக்கு அனுப்பினதுதான் அண்ணாச்சி. மேல வாசிங்க."

தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "அது அரசியல் தாயி. அங்கன எல்லாரும் அப்படித்தான் பேசுவாக. உங்களச் சொல்லல."

"எம்பேரு போட்டிருக்கே."

"அந்த ரஹ்மத் வேற, நீங்க வேற..."

"எங்கம்மா அங்கன ஒருத்தி, இங்கன ஒருத்தின்னு ரெண்டு பேரப் பெக்கல அண்ணாச்சி. நாந்தான் அதையும் வாசிச்சேன். காலையில டீயக் கையில வச்சுக்கிட்டு வாசிச்சேன்."

கண்ணாடியைக் கழற்றினார். "கட்சிய ஒண்ணு சொன்னா எனக்குத் தாங்காது. டவுசர் போட்ட காலத்துலருந்து கொடி கட்டுனவன் நான். நீங்க எங்க வேட்பாளரப் போட்டோவுக்கு வந்தவருன்னு எழுதிட்டீக. கை பரபரன்னு ஆயிருச்சு. பேரு தெரியாதுங்கவும்..."

"என் எழுத்து தப்புன்னு எழுதுங்க. எந்த வரி தப்புன்னு எழுதுங்க. நான் பதில் சொல்றேன், இல்லாட்டி திருத்திக்கிறேன். எங்க அத்தாவ எதுக்கு இழுத்தீக? நீங்க அவருக்காக வெயில்ல நின்னீக."

கண்ணாடியை மடக்கினார், விரித்தார். நான் அழவில்லை. அழுதுவிடுவேனோ என்று பயந்துகொண்டே போனேன், அழவில்லை.

"மூணாவது வரிய மட்டும் வாசிச்சிருங்க. நான் போயிருதேன்."

வாசிக்கவில்லை. அந்த நேரத்தில் முத்துமாரி உள்ளே வந்துவிட்டாள். இன்றுதான் வேலைக்குத் திரும்புகிறாள். "என்ன புரூஃபுக்கா, நம்ம லேபிளா?" என்று மேஜைப் பக்கம் குனிந்தாள். அண்ணாச்சி தாளைப் படக்கென்று கவிழ்த்தார். அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். அவளுடைய தங்கச்சியைப் பற்றிய வரி அதில் இருக்கிறதே.

"தங்கச்சி எப்படிம்மா இருக்கு?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார். தாளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீங்க கட்டில மாத்திக் குடுத்ததுலருந்து தூங்குறா அண்ணாச்சி."

நான் தாளைத் திருப்பவில்லை. அவள் போன பிறகு அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார். "வெளிய சொல்லிருவீகளா?"

"மாட்டேன். உங்களுக்காக இல்ல. உங்க பேரச் சொன்னா, நாளைக்கு எவனாவது உங்க மகளப் பத்தி எழுதுவான். அதையும் நாந்தான் உக்காந்து அழிக்கணும்."

எழுந்து வந்து சங்குசக்கர லேபிளில் சிவப்பைக் குறைத்தேன். நன்றாக வந்திருக்கிறது.

ஏப்ரல் 28, செவ்வாய்

அண்ணாச்சி லீவு. காய்ச்சல் என்று சொல்லிவிட்டாராம்.

முதலாளி கூப்பிட்டார். கட்சிக்காரர் யாரோ என் பதிவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். "ஏம்மா, எல்லாக் கட்சியும் நம்ம பார்ட்டிதான். ஆர்டர் போயிரும். எழுதுறத நிப்பாட்டுங்க."

"நான் எழுதுறது என் வீட்ல, காலையில. அச்சகத்துப் பேரு எங்கயும் இல்ல சார்."

"அவுக கேக்குறாகல்ல? வேற ஆள் போட்டாத்தான் ஆச்சுன்னு வந்தா நான் என்ன பண்றது?"

"போடுங்க சார். வர்றவங்களுக்கு நானே வேலைய ஒப்படைச்சுட்டுப் போறேன். எழுதுறத விட மாட்டேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஃபோன் அடித்தது, எடுத்தார். கையால், போ போ என்று சைகை. வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போய் உட்கார்ந்தேன். மாலையில் அவரே வந்து அடுத்த போஸ்டர் மேட்டரை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். இருக்கிறது போல.

ஏப்ரல் 30, வியாழன்

செல்வியை மதுரைக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். தோல் ஒட்ட. ஆம்புலன்ஸில் ஏறும்போது, "அங்கன பூ கெடைக்குமாக்கா?" என்றாள். மதுரையில் பூ கிடைக்குமா என்று கேட்கிறாள். முத்துமாரி சிரித்துக்கொண்டே அழுதாள். கை சரியானால் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நடந்தே வருவதாக நேர்ந்திருக்கிறாள். என்னையும் கூப்பிட்டாள். சாத்தூர் வரை துணைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

காலையில் இரண்டாவது பதிவு. மதுரையில் எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள், செலவை யார் ஏற்பார்கள், அந்த ஷெட்டைக் கடைசியாக யார் வந்து பார்த்தார்கள். கேள்விகள் மட்டும். இரண்டு வேட்பாளர்களுக்கும். கடைசியில் ஒரு பத்தி: 'என்னைக் கேவலமாக எழுதிய ஒருவரை நேரில் சந்தித்தேன். எழுதியதை எனக்கு எதிரில் வாசிக்கச் சொன்னேன். அவரால் முடியவில்லை. பெயர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.'

கேட்டார்கள். பெயர் சொல், ஃபோன் நம்பர் கொடு, வீட்டு வாசலில் போய் நிற்கிறோம். காப்பாற்றுகிறாயா, அவனுக்கும் உனக்கும் என்ன என்று ஒருவர். அதாவது 'சகோதரி'யிலிருந்து இவ்வளவு தூரம் வருவதற்கு ஒரே வாரம்தான் ஆகியிருக்கிறது.

அனைத்தும் குப்பைத் தொட்டிக்கு. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, "இதையும் அழி, இதையும்" என்று விரலால் காட்டினார். உற்சாகமாகவே இருந்தார்.

மே 2, சனி

அனுமதிக்குக் காத்திருக்கும் பின்னூட்டம் ஒன்று. பெயர்: சுந்தரம், சிவகாசி.

நீளமாக எழுதியிருக்கிறார். முதலிலிருந்து கடைசி வரை 'நீங்கள்'. மன்னிப்பு ஒரு வரிகூட இல்லை. 'யாரும் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது பொய். தீப்பிடித்த அன்று பிரச்சார வேனை நிறுத்தி, மைக் செட்டை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு, காயம்பட்டவர்களை ஏற்றிப் போனது எங்கள் கட்சிக்காரர். விசாரிக்காமல் எழுதுவது பேனா பிடிப்பவருக்கு அழகல்ல.' அதற்குப் பிறகு தன் கட்சி ஆண்ட காலத்தின் பெருமை, பாதிப் பக்கம். கடைசியில், உங்கள் கட்டுரை ஒருதலைப்பட்சமானது, தமிழ் மட்டும் நன்றாக இருக்கிறது.

முத்துமாரிக்கு ஃபோன் போட்டேன். "ஆமாக்கா, கொடி கட்டின வேனுதான். டிரைவர் சட்டையெல்லாம் வீணாப் போச்சு."

சரி. அந்த வரி தப்பு. தெரிந்திருந்தால் எழுதியிருப்பேனா? மாட்டேன்.

வெளியிட்டேன். முழுசாக, பெருமை பாதிப் பக்கத்தோடு. அடுத்த அரை மணியில் அவர் மேல் விழுந்தார்கள். கிழவா, கொத்தடிமை, அப்புறம் வழக்கமானவை. பெயரும் ஊரும் போட்டிருக்கிறாரே, வசதி. ஒன்றைக்கூட வெளியே விடவில்லை நான். அவர் மகளைப் பற்றி ஒருவன் எழுதியதை அழிக்கும்போது, வேங்கை எழுதிய மூன்றாவது வரி ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தும் அழித்தேன்.

மன்னித்துவிட்டேனா? இல்லை. இனி அவர் 'தாயி' என்றால் எனக்கு ஒட்டாது. அவருக்குத் தெரிந்திருக்கும்.

மே 4, திங்கள்

லேசாகத் தூறல், புழுதி அடங்கவில்லை. அண்ணாச்சி வேலைக்கு வந்திருந்தார். சாப்பிட்டீகளா என்று கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் வேலை மட்டும்தான் பேசினோம். அப்புறம் என் மேஜைக்கு வந்து நின்றார். இந்த மேஜைக்கு அவராக வந்ததில்லை, கூப்பிடுவார்.

"நான் எழுதினதப் போட்டிருக்கீக."

"ஆமா."

"என்னத் திட்டி ஒண்ணும் வரலையா?"

"வந்துச்சு. போடல."

தலையை ஆட்டினார். "பதிலக் காணுமே?"

"எழுதிட்டிருக்கேன். நீளமா வரும்."

"வரட்டும். நானும் விடமாட்டேன்."

"விடாதீக அண்ணாச்சி."

போய்விட்டார்.

பதிலில் இன்னும் இரண்டு பத்தி பாக்கி. வேன் விஷயத்தை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன். மீதி ஒவ்வொன்றுக்கும் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார்.